பீரோவை யார் தூக்குவது?

ஆடி மாசக் கடைசியில் ஒரு நாள், மஞ்சளுக்குத் தண்ணி கட்டிக்கிட்டு இருந்தேன். தம்பிகிட்ட இருந்து போன்.

"அண்ணா, கோயமுத்தூருக்கே மாத்தல் ஆயிருச்சுங்க. சரவணம்பட்டிப் பக்கம் வீடும் பாத்தாச்சு. ஆவணி பொறந்ததும் பால் காச்சிரலாம்னு இருக்கறோம்."

ரொம்ப சந்தோசமா இருந்தது. பதினோரு வருசமா மெட்ராஸ்ல, மடிப்பாக்கத்துல வாடகை வீட்டுல இருக்கறான். ரெண்டாவது மாடி, லிப்ட் கிடையாது. நோம்பி நொடிக்கு ஊருக்கு வர்றதுன்னாலே ராத்திரியெல்லாம் பயணம். கோயமுத்தூர்னா ரெண்டு மணி நேரத்துல வந்து அம்மாவைப் பாத்துட்டுப் போயிரலாம்.

அடுத்துதான் விசயத்துக்கு வந்தான்.

"வீடு காலி பண்ற கம்பெனிக்காரங்க முப்பதாயிரத்துக்குப் பக்கமா கேக்கறாங்கண்ணா. எதுக்கு அவ்வளவு? நம்மூர்ல இருந்து ஒரு ஈச்சர் வண்டியும் நாலு ஆளும் அனுப்பி வெச்சீங்கன்னா, வாடகை, சோறு, கையில ஆளுக்கு ஆயிரம் குடுத்தாக்கூட பாதியில முடிஞ்சு போயிரும்."

"வேண்டாம் தம்பி. கம்பெனி ஆளுகளையே வெச்சுக்க"ன்னேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "தேங்கா மட்டைக்குக் கூட கணக்குப் பாக்கற நீங்களா சொல்றீங்க?"ன்னு கேட்டான்.

இதைப் படிக்கற உங்களுக்கும் அப்படித்தான் தோணும். ஒரு விவசாயிகிட்ட கேட்டா, 'எங்க ஊர்ல எல்லாம் ஒண்ணு கூடித் தூக்கிருவோம், நகரத்துலதான் இதுக்கும் காசு'ன்னு பெருமையா சொல்லுவான்னு எதிர்பார்ப்பீங்க. நானும் அப்படிச் சொல்லிக்கிட்டு இருந்தவன்தான். 2016-க்கு அப்புறம் சொல்றது இல்லை.

அந்த வருசம் அக்கா குடும்பம் திருப்பூர்ல இருந்து ஈரோட்டுக்கு வீடு மாத்துச்சு. மூணாவது மாடியில இருந்து சாமான் எறக்கணும். கம்பெனியில விசாரிச்சதுக்கு 14,000 சொன்னாங்க. "அம்பது கிலோமீட்டர் பக்கம்தான் இருக்கும், அதுக்கு பதினாலாயிரமா? நான் பாத்துக்கறேன் விடுக்கா"ன்னு மாருல தட்டிச் சொன்னவன் நான். வண்டி வாடகை 4,500. நாலு ஆளுக்கு ஆளுக்கு 600 வீதம் 2,400. டீ, சாப்பாடு 900. மொத்தம் 7,800. மிச்சம் 6,200 ரூபாய். காலையில வண்டியில போகும்போதே இந்தக் கணக்கை மனசுல போட்டு வெச்சுக்கிட்டேன்.

கட்டில், மேசை, குளிர்சாதனப் பெட்டி எல்லாம் எப்படியோ எறங்கிருச்சு. கடைசியா பீரோ. அக்கா கல்யாணத்துக்கு அப்பா வாங்கிக் குடுத்த இரும்பு பீரோ. காலியா இருந்தாலே எண்பது, தொண்ணூறு கிலோ வரும். உள்ள பத்து சேலை, கொஞ்சம் பித்தளைச் சாமான் இருந்தது. "அதென்ன கனம், அப்படியே தூக்கலாம்"னு சொன்னதும் நான்தான்.

எங்க தோட்டத்துல என்னைவிட நாலஞ்சு வயசு மூத்தவர் ஒருத்தர் வேலை பாக்கறார். அண்ணன்னுதான் கூப்பிடுவேன். அவர் கீழ்ப் பக்கம் நின்னார். தனியா. மேல ரெண்டு பேர் புடிச்சிருந்தாங்க. இன்னொருத்தர் வண்டிகிட்ட. நான் நடுவுல நின்னு யோசனை சொல்லிக்கிட்டு இருந்தேன். ரெண்டாவது மாடித் திருப்பத்துல மேல நின்னவங்கள்ல ஒருத்தர் "இந்தப் பக்கம் சாய்"ங்கறார், இன்னொருத்தர் "அந்தப் பக்கம்"ங்கறார், நான் "நில்லுங்க, நில்லுங்க"ங்கறேன். அண்ணன் பின்னால ஒரு படி எறங்கினார். அங்க படி இல்லை, படியோட ஓரம். அப்படியே உக்காந்த மேனிக்கு விழுந்தார். பீரோ அவர் தொடை மேல வந்து நின்னுது.

எலும்பு முறியலை. அன்னிக்கு ராத்திரி எங்ககூட உக்காந்து புரோட்டா சாப்பிட்டார். "லேசாப் புடிச்சிருக்குதுங்க தம்பி, எண்ணெய் போட்டு நீவுனா சரியாப் போயிரும்"னார். அடுத்த நாள் காலையில பாயை விட்டு எந்திரிக்க முடியலை. ஈரோட்டுல ஸ்கேன் எடுத்துப் பாத்தா இடுப்புல டிஸ்க் நகந்திருக்குது. மூணு மாசம் கனம் தூக்கக் கூடாதுன்னுட்டாங்க. ஸ்கேன், மருந்து, உடற்பயிற்சி சிகிச்சைன்னு இருபத்து மூணாயிரம் ஆச்சு. அதை நான் குடுத்தேன். மூணு மாசக் கூலியில பாதிதான் குடுத்தேன். மீதியை அவரும் கேக்கலை, நானும் தரலை. அதையும் இங்க மறைக்காம சொல்லிர்றேன்.

இன்னிக்கும் அவரால பதினாறு லிட்டர் மருந்து டேங்கை முதுகுல மாட்ட முடியாது. தண்ணி திருப்பறது, மாடு கன்னு பாக்கறதுன்னு இருக்கறார். கூலி வேலைக்கு வெளியில போக முடியாது. ஆறாயிரத்து இருநூறு ரூபாய் மிச்சம்னு நான் போட்ட கணக்கு, அவரோட இடுப்புல இருந்து எடுத்தது.

ஆனா என்னைக் குத்தறது செலவுக் கணக்கு இல்லை. "வாங்கண்ணா, ஒரு நாள் வேலை"ன்னு நான் கூப்பிட்டப்ப அவரால வரமாட்டேன்னு சொல்லியிருக்க முடியாது. அந்த வருசம் அவர் பொண்ணோட பள்ளிக்கூடச் செலவுக்கு நான்தான் கைமாத்துக் குடுத்திருந்தேன். கூப்பிட்டது நான். வந்தது அவர். அதுக்கு 'உதவி'ன்னு பேர் வெச்சதும் நான்.

எங்க ஊர்ல ஒண்ணு கூடிச் செய்யற பழக்கம் இருந்தது நிஜம். எங்க அப்பாரு ஊருக்குள்ள இருந்த வீட்டை விட்டுத் தோட்டத்துச் சாளைக்குக் குடி வந்தப்ப, ரெண்டு நடை மாட்டு வண்டியில எல்லாம் முடிஞ்சுதுன்னு சொல்லுவார். என்ன இருந்தது? அண்டா, தவலை, குண்டா, ஒரு டிரங்குப் பெட்டி, கயித்துக் கட்டில் ரெண்டு, நாலு பானை, ஆட்டுக்கல்லு. கயித்துக் கட்டிலை ஒரு ஆள் தலையில கவுத்திக்கிட்டு நடந்தே வந்துருவான். அதுக்கு வந்த பங்காளிக வீட்டுல அடுத்த வருசம் கூரை மேய்ஞ்சப்ப அப்பாரு போய் நின்னார். வாங்கின கையால திருப்பிக் குடுத்தார். அதுதான் கூடிச் செய்யறது.

இப்ப நம்ம வீட்டுல இருக்கற சாமானே வேற. ரெண்டு கதவு வெச்ச குளிர்சாதனப் பெட்டி, வாசிங் மிசின், அடியில பெட்டி வெச்ச இரட்டைக் கட்டில், சுவர் அகலத்துக்கு டிவி. வீடு மூணாவது மாடியில. இதைத் தூக்கறதுக்கு மனசு மட்டும் போதாது, பழக்கம் வேணும், பட்டை வேணும், கையுறை வேணும். அதோட, அந்த அண்ணன் வீடு மாத்தினா நான் போய் அவரோட பீரோவைத் தூக்கப் போறது இல்லை. அவர்கிட்ட பீரோவும் இல்லை. ஒரு பக்கமாவே போற உதவிக்கு உதவின்னு பேர் கிடையாது. குறைஞ்ச கூலிக்கு வாங்கின வேலை, அவ்வளவுதான்.

நகரத்துல இருக்கற உங்களுக்குத் தோட்டத்து ஆளு இருக்க மாட்டாங்க. ஆனா அபார்ட்மெண்ட் வாட்ச்மேன் இருப்பார். ஆபீஸ்ல உங்களுக்குக் கீழ வேலை செய்யற பையன் இருப்பான். முதுகு வலியோட சுத்தற மச்சான் இருப்பார். "ஞாயித்துக்கிழமை சும்மா வாங்களேன், பிரியாணி போட்டுர்லாம்"னு கூப்பிடறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க. இந்த ஆளால எனக்கு 'முடியாது'ன்னு சொல்ல முடியுமா? சொல்ல முடியாதுன்னா கூப்பிடாதீங்க. சொல்ல முடியுற நண்பன் தானா வந்தா, அட்டைப் பெட்டியில புத்தகம் அடுக்கச் சொல்லுங்க. பீரோவைத் தூக்கச் சொல்லாதீங்க.

இதையெல்லாம் போன்ல சொல்லி முடிச்சேன். தம்பிக்கு 2016 கதை தெரியும். ஆனா அவனுக்கு அது 'அக்கா வீடு மாத்தினப்ப அவருக்கு அடிபட்டுருச்சு'ங்கற ஒரு வரிதான். "சரிங்கண்ணா, கம்பெனியே வெச்சுக்கலாம்"னான். ஆவணியில எங்க கொடிவேரிப் பாசனத்துல வயல் வேலை நேரம் வேற. நாலு ஆளைக் கூட்டிக்கிட்டு மெட்ராஸ் போயிட்டா இங்க வயல் நிக்கும்.

கம்பெனியை வெச்சுக்கறதுன்னு முடிவு பண்ணிட்டா வேலை முடிஞ்சுருச்சுன்னு நெனைக்க வேண்டாம். நெல் அறுக்க மிசின் கூப்பிட்டாலே நாங்க மணிக்கு எவ்வளவு, டீசல் யார் தலையில, வயல் சேறா இருந்தா என்ன பண்ணுவீங்கன்னு எல்லாம் முன்னாடியே பேசித்தான் வரப்புல எறக்குவோம். வீட்டுச் சாமானுக்கும் அதே கதைதான்.

தம்பிகிட்ட மூணு இடத்துல விசாரிக்கச் சொன்னேன். ஒருத்தர் வீட்டையே பாக்காம போன்லயே 21,000-ன்னார், மூணு ஆள். இன்னொருத்தர் நேர்ல வந்து ஒவ்வொரு ரூமாப் பாத்து எழுதிக்கிட்டுப் போய் 28,500-ன்னார், அஞ்சு ஆள், 14 அடி வண்டி. மூணாவது ஆள் 36,000. தம்பிக்கு முதல் ஆள் மேலதான் கண்ணு. "எப்படி அவருக்கு மட்டும் ஏழாயிரத்து ஐநூறு கொறையுது, கேளு"ன்னேன். கேட்டான். விசயம் வெளிய வந்தது. ஆள் கொறைச்சல். வண்டியும் இவனுக்கு மட்டும் இல்லை, இன்னும் ரெண்டு வீட்டுச் சாமானோட சேந்து வரும், நடுவுல ஒரு குடோன்ல எறக்கி ஏத்துவாங்க.

இதை நல்லா மனசுல வெச்சுக்கங்க. டீசலும் சுங்கச்சாவடிக் காசும் எல்லாருக்கும் ஒண்ணுதான். மலிவான ரேட்டுல கொறையறது பெரும்பாலும் ஆளோட எண்ணிக்கை. அஞ்சு பேர் தூக்க வேண்டியதை மூணு பேர் தூக்குவாங்க. 2016-ல நான் பண்ணினதையே கம்பெனி பேர்ல நீங்க பண்ணற மாதிரி ஆயிரும். அதனால ரேட்டு கேக்கும்போதே, "எத்தனை பேர் வருவாங்க? ரெண்டு பக்கமும் எத்தனை மாடி, லிப்ட் உண்டா இல்லையான்னு எழுதிக்கிட்டீங்களா?"ன்னு கேளுங்க. 28,500 சொன்னவர்கிட்ட தம்பி பேசி 27,000-க்கு முடிச்சான். "அந்த ஆயிரத்து ஐநூறைத் தூக்கற அஞ்சு பேருக்கும் முந்நூறு முந்நூறாக் கையில குடுத்துரு"ன்னேன். குடுத்தான்.

பணத்தை ஒரே அடியாக் குடுக்க வேண்டாம். எங்க சொந்தக்காரப் பையன் ஒருத்தன் முக்கால்வாசியை முன்னாடியே குடுத்துட்டான். வண்டி ஊர் எல்லைக்கு வந்து நின்னுக்கிட்டு, சாமான் அதிகமா இருக்குது, இன்னும் எட்டாயிரம் குடுத்தாத்தான் எறக்குவோம்னாங்க. பச்சைக் கொழந்தையை வெச்சுக்கிட்டுக் காலி வீட்டுல உக்காந்திருக்கறவன் என்ன பண்ணுவான்? குடுத்தான். ஏத்தும்போதே சாமான் பட்டியல் எழுதி ரெண்டு பக்கமும் கையெழுத்து இருந்திருந்தா 'அதிகமா இருக்குது'ங்கற பேச்சுக்கே எடம் இருந்திருக்காது. முன்பணம் கொஞ்சம், ஏத்தினதும் ஒரு பங்கு, எறக்கி எண்ணிப் பாத்த பின்னாடி மீதின்னு எழுத்துல பேசிக்கங்க. வண்டி நம்பர், டிரைவர் போன் நம்பர், சரக்கு ரசீது மூணும் கையில இல்லாம வண்டியை நகர விடாதீங்க.

சட்டத்துல உங்களுக்கு உதவற சில விசயம் இருக்குது. சாலை வழியா சரக்குக் கொண்டு போறவங்களுக்குன்னு 2007-ல ஒரு சட்டம் வந்து, 2011-ல இருந்து நடைமுறையில இருக்குது. தனியா அதிக ரேட்டு பேசிக்காத பட்சத்துல, சாமான் கெட்டுப் போனா அவங்க பொறுப்பு வண்டி வாடகையோட பத்து மடங்கு வரைக்கும்தான். அதுவும் நீங்க தாள்ல எழுதிக் குடுத்த மதிப்பைத் தாண்டாது. வாடகை 25,000-ன்னா எல்லை ரெண்டரை லட்சம். அதனால மதிப்பை அம்பதாயிரம்னு கொறைச்சு எழுதினா அதுக்கு மேல ஒரு பைசா கேக்க முடியாது. சேதாரம் ஆனா, பதிவு பண்ணின நாள்ல இருந்து 180 நாளைக்குள்ள எழுத்துல நோட்டீஸ் குடுத்திருக்கணும். அதுக்கு மேல போனா வழக்குப் போட முடியாது. போட்டோ எடுத்து வெச்சுக்கிட்டு அன்னிக்கே எழுதிக் குடுத்துருங்க. பேசிப் பாத்தும் மசியலைன்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்குது.

காப்பீடுன்னு சொல்லி நூத்துக்கு இவ்வளவுன்னு தனியா வாங்குவாங்க. வாங்கறது தப்பில்லை. ஆனா காப்பீட்டு நிறுவனத்தோட பாலிசி நம்பர் போட்ட தாள் கைக்கு வரணும். கம்பெனிக்காரரே தன்னோட லெட்டர் தாள்ல எழுதிக் குடுக்கறது காப்பீடு ஆகாது. இன்னொண்ணு, நீங்க பயன்படுத்தின வீட்டுச் சாமானுக்கு ஜிஎஸ்டி இ-வே பில் தேவை இல்லை. அதைச் சொல்லி யாராவது வழியில காசு கேட்டா ஏமாறாதீங்க.

ஆவணி முதல் வாரத்துல, கூட இருக்கலாம்னு நான் ஏற்காடு எக்ஸ்பிரஸ் புடிச்சு மெட்ராஸ் போனேன். காலையில எட்டு மணிக்கு அஞ்சு பசங்க வந்தாங்க. மூணு பேர் பீகார். ரெண்டு பேர் கள்ளக்குறிச்சிப் பக்கம். அதுல ஒருத்தன் வீட்டுல ரெண்டு ஏக்கர் பூமி இருக்குது, போர்ல தண்ணி இல்லை, அதான் இங்க வந்துட்டேன்னான். என்ன வயசு இருக்கும், இருபத்தஞ்சு.

அவங்க வேலையைப் பாக்கணுமே! கண்ணாடித் தம்ளர் ஒவ்வொண்ணையும் காகிதம் சுத்தி நிக்க வெச்சே அடுக்கறாங்க. படுக்க வெக்கறதே இல்லை. புத்தகத்தைச் சின்னப் பெட்டியில, தலையணை, போர்வையைப் பெரிய பெட்டியில போடறாங்க. கட்டிலைக் கழட்டின திருகாணியை ஒரு பையில போட்டு அந்தக் கட்டில் சட்டத்துலயே ஒட்டிர்றாங்க. எல்லாம் மத்தியானத்துக்குள்ள முடிஞ்சுது.

ஒரு கொறை உண்டு. அவங்க எதையும் விடறது இல்லை. கண்ணுல பட்டதெல்லாம் கட்டிர்றாங்க. சமையல்கட்டுக் குப்பைக்கூடையைக் குப்பையோட சேத்துச் சுத்தி டேப் ஒட்டி வெச்சிருந்தாங்க. தம்பி சம்சாரம் அதைப் பாத்துத் தலையில அடிச்சுக்கிச்சு. அவங்க மேல தப்பில்லை. எது வேணும், எது வேண்டாங்கறது அவங்களுக்கு எப்படித் தெரியும்? பிரிச்சு எடுக்கற வேலை நம்மளோடது. அதைக் காசு குடுத்து யாரையும் செய்யச் சொல்ல முடியாது. ஒரு வாரம் முன்னாடியே உக்காந்து பழைய பேப்பர், ஓடாத மிக்சி, பத்து வருசமாத் தொறக்காத பெட்டி எல்லாத்தையும் கழிச்சிருங்க. நீங்க கழிக்கற ஒவ்வொரு கிலோவும், யாரோ ஒரு பையன் ரெண்டு மாடி கனத்தோட எறங்காம மிச்சமாகுது.

நகை, பத்திரம், படிப்புச் சான்றிதழ், மருந்து மாத்திரை எல்லாம் கைப்பையில உங்ககூடவே வரணும். கேஸ் சிலிண்டரை வண்டியில ஏத்தக் கூடாது. சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஏஜென்சியில ஒப்படைச்சுச் சீட்டு வாங்கிக்கிட்டா, புது ஊர்ல அதைக் காட்டி இணைப்பு வாங்கிக்கலாம். குளிர்சாதனப் பெட்டியை முதல் நாளே அணைச்சு, தண்ணி வடிச்சுத் தொடச்சு வெச்சிருங்க.

கடைசியா பீரோ. அங்கயும் ஒரு பீரோ இருந்தது. நான் ஓரமாப் போய் நின்னுக்கிட்டேன். எனக்குக் கை நடுங்குச்சு.

முதல்ல முழுசாக் காலி பண்ணாங்க. லாக்கர்ல இருந்த ஒரு டப்பாவைக் கூட விடலை. கதவைப் பூட்டிச் சாவியைத் தம்பி கையில குடுத்துட்டாங்க. கம்பளி, அட்டை, பிளாஸ்டிக் தாள்னு சுத்தி, அகலமான பட்டை ரெண்டைக் குறுக்க போட்டாங்க. ஒருத்தன் வெறுங்கையோட ஒரு தடவை கீழ வரைக்கும் படி எறங்கிப் பாத்துட்டு வந்தான். ஈரமா இருந்த ஒரு படியைச் சாக்குப் போட்டுத் தொடைச்சான். அப்புறம் மேல ரெண்டு பேர், கீழ ரெண்டு பேர்.

நான் பழக்கதோசத்துல, "திருப்பத்துல பாத்துப்பா"ன்னு குரல் குடுத்தேன். கள்ளக்குறிச்சிப் பையன் திரும்பாமயே சொன்னான்.

"அண்ணா, கோவிச்சுக்காதீங்க. கீழ நிக்கறவன்தான் பேசணும். மேல இருக்கறவங்க, சுத்தி நிக்கறவங்க யாரும் பேசக் கூடாது. கனம் பூரா கீழதான் இருக்கு."

அதுக்கப்புறம் நான் வாயைத் தொறக்கலை. கீழ நின்னவன் மட்டும் "எறக்கு", "நில்லு", "வலது", "எறக்கு"ன்னு சொல்லிக்கிட்டே வந்தான். ரெண்டு மாடியும் எறங்கி வண்டியில ஏத்தற வரைக்கும் அவன் குரல் மட்டும்தான் கேட்டுது. இந்தத் தொழில்ல காசு குடுத்து நாம வாங்கறது இதைத்தான். பலம் எங்க ஊர் ஆளுகளுக்கும் இருந்தது. யார் பேசணும், யார் பேசக் கூடாதுன்னு எங்களுக்குத் தெரியலை.

எல்லாருக்கும் கம்பெனி வேணும்னு நான் சொல்ல வரலை. ஒண்டிக்கட்டை, ஒரு ரூம், ஒரு பாய், நாலு பாத்திரம்னா ஒரு குட்டியானை வண்டி போதும். பக்கத்துத் தெருவுக்கு மாத்தறதா இருந்தா சின்னச் சாமானை நீங்களே நாலு நாள் வண்டியில கொண்டு போயிரலாம். ஆனா அப்பவும் பீரோ, குளிர்சாதனப் பெட்டி, வாசிங் மிசின் மூணுக்கும் மட்டும் சுமை தூக்கற தொழில்ல இருக்கற ஆளுகளைக் கூப்பிட்டு, அவங்க கேக்கற கூலியைக் குடுத்திருங்க. காசு நெருக்கடி இருந்தா வேற எதையாவது கொறைங்க. மாசக் கடைசி, ஞாயித்துக்கிழமை, முகூர்த்த நாளை விட்டுட்டு நடு மாசத்துல ஒரு வேலை நாளாப் பாருங்க. கூட்டம் கொறைவு, பேசவும் எடம் இருக்கும். ஆள் எண்ணிக்கையில மட்டும் கை வெக்காதீங்க.

வர்ற பசங்களும் மனுசங்கதான். காசு குடுத்துட்டோம்னு லிப்ட்டுல போக விடாம மாடிப்படியில ஏறச் சொல்ற அபார்ட்மெண்ட் இருக்குதாம், அந்தப் பையன்தான் சொன்னான். சங்கத்துல முன்னாடியே பேசி லிப்டுக்கு அனுமதி வாங்கி வெக்கறது உங்க வேலை. குடிக்கத் தண்ணி, நடுவுல ஒரு மோர், மத்தியானம் நல்ல சோறு. இதுல எல்லாம் பெருமைப்பட ஒண்ணும் இல்லை. தோட்டத்துல நடவுக்கு வந்தவங்களுக்கு நாங்க இதைத்தான் செய்யறோம்.

வண்டி மறுநாள் மத்தியானம் சரவணம்பட்டி வந்து சேந்துது. பட்டியலை வெச்சு எண்ணினோம். ஒரு மிக்சி ஜார் மூடி விரிசல், அலமாரி ஓரத்துல ஒரு கீறல். அதை ரசீதுலயே எழுதிக் கையெழுத்து வாங்கிக்கிட்டோம். அம்மா மொத நாளே ஊர்ல இருந்து வந்து உப்பு, மஞ்சள், ஒரு படி அரிசியோட காத்துக்கிட்டு இருந்தாங்க. அடுத்த நாள் விடியக்காலம் பால் பொங்குச்சு.

ஊருக்குத் திரும்பி வந்த அன்னிக்கு சாயங்காலம், கட்டுத்தரையில அண்ணன் மாட்டுக்குத் தட்டு வெட்டிப் போட்டுக்கிட்டு இருந்தார். மெட்ராஸ் போன கதையெல்லாம் கேட்டார். பீரோ எறக்கினதையும் சொன்னேன்.

"கீழ எத்தனை பேருங்க தம்பி நின்னாங்க?"

"ரெண்டு பேருங்கண்ணா."

"அதுதானுங்க கணக்கு"ன்னுட்டுத் தட்டை அள்ளிக்கிட்டுப் போனார்.

2016-ல நான் பாதியா விட்ட கூலி பாக்கியை அந்த வாரச் சம்பளத்தோட சேத்துக் குடுத்தேன். எதுக்குன்னு கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் நோட்டைக் கையில வெச்சுப் பாத்துட்டு மடியில வெச்சுக்கிட்டார். இத்தனை வருசம் கழிச்சுக் குடுத்ததை நல்ல காரியம்னு நான் சொல்லிக்க மாட்டேன். நீங்க வீடு மாத்தற அன்னிக்கு யாருக்கும் இப்படிப் பாக்கி வெக்காம இருந்தாப் போதும்.